மூன்றாவது வளையம்

பூமியின் காந்தப்புலம் சிறைபிடித்து வைத்திருக்கும் இரண்டு மின்துகள் வளையங்களுக்கு அப்பால் மூன்றாவதாக ஒன்றைக் கண்டறிந்த நாள், மனித அறிவின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படும் என்று விண்வெளி ஆய்வு நிலையத்தின் இயக்குநர் அறிக்கையில் எழுதியிருந்தார். பொன் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. வளையத்துக்குத் தன் பெயரையே வைக்கலாம் என்று அவரே, மிகுந்த கூச்சத்தோடு, இரண்டு கூட்டங்களில் சொல்லியிருந்தார்.

செயற்கைக்கோளில் துகள்களை எண்ணும் கருவியைக் கட்டியவள் மட்டும் கைதட்டவில்லை. பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் உடும்பு. அவளுக்கு ஒன்று இடித்தது. மற்ற வளையங்கள் சூரியன் சீறினால் வீங்கின, அடங்கினால் இளைத்தன. இதுவோ எதற்கும் அசைந்து கொடுக்காமல், செயற்கைக்கோளின் காமிரா இயங்கும்போது மட்டும் தலைகாட்டியது.

"காமிரா மோட்டாரோட மின் இரைச்சலை என் கருவி துகள்னு எண்ணுது சார். ஒரே ஒரு சுத்து காமிராவை நிறுத்திப் பாத்துடலாம்."

"நம்ம நிலையத்துச் சின்னத்தைப் பூமியோட சேர்த்துப் படம் பிடிக்கிற காமிராம்மா அது! நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நீ அடுத்த வாரம் சந்தேகப்படு."

அடுத்த வாரம் உலகமே சந்தேகப்படும். அதன்பின் அவள் கருவி சொல்லும் எந்த எண்ணையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். வருடக்கணக்கான உழைப்பு ஒரு கேலிப்பேச்சாக முடியும். உடும்பு நேரே கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். அங்கே கட்டளை அனுப்புகிறவன் அவள் கணவனின் தம்பி.

"அண்ணி, என் வேலை போயிடும்."

"போனா உங்க அண்ணனுக்கு வீட்டு வேலையில துணையா இரு."

"மிரட்டாதீங்க அண்ணி."

"பழியை என் மேல போட்டுக்கோ."

"அதை அப்பவே போட்டாச்சு" என்றபடி கட்டளையை அனுப்பினான்.

செயற்கைக்கோள் ஒரு சுற்று முடித்து வந்தது. பழைய வளையங்களில் எண்ணிக்கை மலையாக ஏறி இறங்கியிருந்தது. புது வளையத்தின் இடத்தில் வரைபடத்தின் கோடு, துடைத்த மேஜைபோல் தட்டையாகக் கிடந்தது. வரைபடத்தை அவள் இயக்குநர் முன் விரித்தாள்.

"அப்ப வளையம்?"

"இல்ல சார்."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலை உயர்த்தினார். "மட்டமான மோட்டாரை வாங்கினது யாரு? கூப்பிடு அவனை!"

"மோட்டார் நல்ல மோட்டார்தான் சார். லென்ஸை வெளியே தள்ளப் பாக்குது, எதுலயோ முட்டி முக்குது. காமிரா அனுப்பின படத்தை யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. அவள் பார்த்திருந்தாள். எல்லாமே கறுப்பு.

ஏவுவதற்கு முன் காமிராவின் பாதுகாப்பு மூடியைக் கழற்றும் கௌரவத்தை இயக்குநர் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். அன்று மூடிமேல் கைவைத்துப் படத்துக்கு நின்றவர், படம் எடுத்து முடிந்ததும் சாப்பிடப் போய்விட்டார்.