நலம் விசாரித்தே படுத்துவிட்ட சர்வர்

ஸ்கேன் மையத்தின் பின்னறையில் ஒரே ஒரு பெரிய சர்வர் இருந்தது. அதற்குள் ஆறு வர்ச்சுவல் மெஷின்கள், ஒரே வீட்டில் ஆறு குடித்தனம் மாதிரி. ஒவ்வொரு பிரிவும் தன் குடித்தனத்துக்குள் வேலை பார்க்கும். வீட்டுச் சாவி அத்தானிடம். சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தன் மச்சினியை அங்கே ரிப்போர்ட் மென்பொருள் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே.

கொஞ்ச நாளாகச் சர்வர் திணறியது. படங்கள் திறக்க நேரமானது, வரவேற்பறையில் நோயாளிகள் முகம் சுளித்தார்கள். மையத்தை நடத்தும் பெரிய டாக்டரம்மா அத்தானைக் கூப்பிட்டார்.

"இந்த வாரமும் இழுத்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன் தம்பி."

அத்தான் பழுதான மெமரியை மாற்றினார். மச்சினி தன் பங்குக்கு ஒரு சின்ன நிரல் எழுதினாள். அது அவளுடைய வர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்தபடியே சர்வரை விசாரிக்கும்: சூடு எவ்வளவு, மெமரி மிச்சம் எவ்வளவு, டிஸ்குகள் நலமா? பதில் பச்சை அல்லது சிவப்பு விளக்காகத் திரையில் தெரியும். கேட்பதற்கு மட்டும் அத்தான் வழி திறந்துவிட்டார்.

"குடியிருந்துக்கிட்டே வீட்டுக்காரனுக்கு நாடி பாக்குறியா?"

"உங்களுக்கும் சேத்துத்தான் அத்தான். நீங்க புரண்டு புரண்டு படுக்குறதுல அக்காவுக்குத் தூக்கமே இல்லையாம்."

விளக்கு எல்லாருக்கும் பிடித்துப்போனது. மற்ற ஐந்து பிரிவுகளும் நிரலை வாங்கி வைத்துக்கொண்டன. சட்டென்று தெரிய வேண்டுமே என்று நொடிக்கொரு தரம் கேட்கும்படி வைத்தார்கள்.

சர்வர் முன்னைவிட மோசமானது. திரைக்குத் திரை சிவப்பு. மறுநாள் காலை தன் அறைக்கு வரும்படி டாக்டரம்மா அத்தானுக்குச் சொல்லி அனுப்பினார். மெமரி மாற்றிய பிறகும் ஏன் என்று அத்தானுக்குப் பிடிபடவில்லை.

மச்சினி நிரலில் ஏதோ திருத்துவதற்காக அதை நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து படங்கள் கொஞ்சம் வேகமாகத் திறந்தன. மறுபடி ஓடவிட்டாள், மந்தம். அவளுக்குப் பொறி தட்டியது. நலமா என்று கேட்கும்போதெல்லாம் டிஸ்க் கைவேலையை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறது. ஒருவர் எப்போதாவது கேட்டால் தாங்கும்; ஆறு பேர் நொடிக்கொரு தரம் கேட்டால்? அவள் பிரிவு பிரிவாக ஓடி எல்லாவற்றையும் நிறுத்தினாள். கடைசி விளக்கு அணைந்ததும் படங்கள் மளமளவென்று வந்தன.

"அத்தான், சர்வருக்கு ஒண்ணுமே இல்ல. நாமதான் ஆறு பேரும் சுத்தி நின்னு, எப்படி இருக்க, எப்படி இருக்கன்னு கேட்டே அதைப் படுக்க வச்சிட்டோம்!"

அத்தான் முதலில் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மாகிட்ட உன் பேரை எடுக்காத. வழி திறந்துவிட்டது நான். என் தலையோட போகட்டும். நீ இப்பதான் வந்திருக்க."

மறுநாள் அவர் வருவதற்குள் மச்சினி டாக்டரம்மா அறைக்குள் போயிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மெமரியை மாற்றியபோதே கோளாறு தீர்ந்துவிட்டது, மிச்சம் முழுக்கத் தன் கைங்கரியம் என்றாள்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்த மனுஷன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்காரு."

"ஆமா டாக்டர்."

"நோயாளியைப் பாக்கவே நேரம் வச்சிருக்கோம். சர்வருக்கும் வைங்க. நீ ஒருத்தி மட்டும், மணிக்கு ஒரு தடவை கேளு. அவரை வேலையைப் பாக்கச் சொல்லு."

வெளியே அத்தான் சட்டையை இழுத்துவிட்டபடி நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"வேலை போகுதுன்னு பயந்ததை மட்டும் உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

"நேத்தே சொல்லியாச்சு அத்தான்."