பாதியில் அறுந்த பாட்டு

பழி தீர்க்கத்தான் ஸ்வர்ணா அன்று ஜயநகருக்குப் போனாள். பெரியப்பா மகன் ஸ்ரீஹர்ஷா அமெரிக்கா கிளம்புகிறான் என்று விருந்து. அவள் கைப்பையில் ஒரு பழைய ராக் ஆல்பத்தின் சிடி. போன வாரம் பிரிகேட் ரோடில் கிடைத்தது; விருந்தில் எல்லோர் முன்னாலும் அதை அலறவிடுவதாக எண்ணம். அப்பன், வாத்தியார், சர்க்கார் என்று யாரையும் விட்டுவைக்காத பாட்டுகள்.

1991-இல், பதிமூன்று வயதில், கூடப் படித்த தியோடர் வீட்டு ரெக்கார்டிலிருந்து அதை அறுபது நிமிஷ கேசட்டில் பதிந்துகொண்டு வந்தாள். டேப் தீர்ந்து கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோனது. அப்படியும் விடாமல் கேட்டாள். ஹர்ஷா போய் அவள் அப்பா சேஷகிரியிடம் போட்டுக்கொடுத்தான். அவர் பெல்ட்டை உருவினார். அவள் போய்க்கொண்டிருந்த கிடார் வகுப்பு அன்றோடு நின்றது. அவர் தூக்கி எறியக் கொடுத்த கேசட்டைச் சாங்கி ஏரியில் போட்டுவிட்டதாக ஹர்ஷா வந்து சொல்லி நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினான். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ஆபீஸ் நண்பர்கள் சூழ ஹர்ஷா கிடாரோடு உட்கார்ந்து, அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டையே பாடினான்.

"பதினஞ்சு வயசுலேர்ந்தே எனக்கு இது பைத்தியம்" என்று வேறு அளந்தான். சோபாவில் சேஷகிரி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்வர்ணாவுக்கு ரத்தம் கொதித்தது.

நடுவில் ஹர்ஷா சட்டென்று நிறுத்தினான். "இப்படித்தான் முடியும். பாடறவன் கோவத்துல அப்படியே விட்டுட்டுப் போயிடுவான்."

அவள் ஒரு கணம் திகைத்தாள். அந்தப் பாட்டு இன்னும் இரண்டு நிமிஷம் போகும். அந்த இடத்தில் அறுந்தது அவளுடைய கேசட்டில் மட்டும்தான். திருட்டுப்பயல் ஏரிப் பக்கமே போகவில்லை.

"மீதியும் இருக்கு அண்ணா" என்று சிடியைப் போட்டாள். அவன் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் பாட்டு ஓடியது. நண்பர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"பாதியில நின்னது என்னோட டேப். ஏரியில போட்டேன்னு சொன்னியே, அது."

ஹர்ஷாவின் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது.

"ஏண்டா, பொய்யா சொன்னே?" என்று சேஷகிரி எழுந்தார்.

"அவனை அப்புறம் கேளுங்கோப்பா. அவன் பாடினா தாளம் போடறேள். நான் கேட்டதுக்கு அடிச்சேளே, ஏன்?"

உள்ளேயிருந்து பெரியம்மா கோமளம் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இருங்கோ பெரியம்மா" என்றாள் ஸ்வர்ணா. "அப்பா பதில் சொல்லட்டும். அப்புறம் இலை போடலாம்."