மொட்டைத் தோட்டம்

1968ஆம் ஆண்டு ஆனி மாதம், திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு செல்லும் சாலையோரத்தில், துளசிங்கம் என்பவரின் அரை ஏக்கர் நிலத்தில் தலைமுடி முளைத்தது. அந்த வாரம் கடலைப் பிண்ணாக்கின் விலை ஏறியிருந்தபடியால், ஊரார் அதைப் பற்றிப் பேசி முடித்த பிறகே இதைப் பார்க்க வந்தார்கள்.

அது சரளை நிலம். மண்வெட்டி பட்டால் தீப்பொறி பறக்கும். அதில் மல்லிகை வைத்தே தீருவது என்று துளசிங்கம் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் மனோரமாவின் முதல் முடியை, சொந்தத் தோட்டத்து மல்லிகையால் கட்டிய பூக்காவடியோடு வந்து மலையில் இறக்குவதாக அவர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். பூ வராததால் முடியும் இறங்கவில்லை. குழந்தைக்கு ஐந்து வயதாகிச் சடை இடுப்பைத் தொட்டது. மலையில் இறக்கவேண்டிய முடியில் வீட்டில் கத்தி படக்கூடாது என்பதால் அதன் நுனியைக்கூட யாரும் நறுக்கியதில்லை. வேண்டுதல் தள்ளிப்போகப் போக, குழந்தை இருமினாலே அவருடைய மனைவி அம்சா மலையிருக்கும் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

துளசிங்கம் ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கொட்டினார். ஆட்டுப் புழுக்கையும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்தார். பதியன்கள் கருகின. கடைசியில், மலையில் மொட்டை அடிக்கும் இடத்திலிருந்து காற்றில் பறந்து சரிவில் சேரும் குழந்தைகளின் குட்டை முடியைச் சாக்குகளில் அள்ளிவந்து, வண்டலோடு பிசைந்து குழிகளில் இட்டார். முடி மெல்ல மக்கி நெடுநாள் உரமாகும் என்பது உண்மைதான். அது பிறர் சாமிக்குக் கொடுத்தது என்று அம்சா சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. மல்லிகை தளிர்த்தது. ஓராண்டு கழித்து, ஒரு மழைக்குப் பிறகு, செடிகளுக்கு நடுவே மண்ணும் முளைவிட்டது. கருகருவென்று, மெல்லியதாக, எண்ணெய் வாசனையோடு.

“பாவா, உன் தலையில ஒண்ணும் நிக்கல. மண்ணுக்காவது நல்லா வளந்துகினு வருது!” என்றான் அம்சாவின் தம்பி ஜம்புலிங்கம். துளசிங்கமும் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

அரிவாளால் அறுத்த இடத்தில் விடிவதற்குள் அது இருமடங்காக வளர்ந்தபோது சிரிப்பு நின்றது. கத்தியைக் கண்ட குழந்தைகளைப் போல, சாயங்காலங்களில் நிலம் விசும்பியது. ஆடுகள் வரப்பில் கால்வைக்க மறுத்தன. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் முடி வீட்டைப் பார்த்தே சாய்ந்தது. இதை முதலில் கவனித்தவள் அம்சா. அன்றுமுதல் மகளைத் தரையில் படுக்கவைப்பதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் காலை, காவடிக்கு அரும்பு பறிக்கப்போன தாயின் பின்னாலேயே வந்த குழந்தை, கால் வலிக்கிறதென்று வரப்பில் உட்கார்ந்தது. அம்சா திரும்பிப் பார்த்தபோது அதன் சடை அவிழ்ந்து, நிலத்து முடியோடு சேர்த்து மறுபடி பின்னப்பட்டிருந்தது. தேர்ந்த கை பின்னிய மூன்று கால் சடை. மகள் எங்கே முடிகிறாள், மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“யம்மா, மண்ணு இஸ்துகினே கீதும்மா.”

ஜம்புலிங்கம் கத்தரிக்கோலோடு ஓடிவந்தான். பின்னாலேயே துளசிங்கமும் வந்தார். “நவுருக்கா, ஒரே வெட்டு.”

“கை வெச்சிடாதடா! சாமி முடிடா அது!”

வெட்டினால் வேண்டுதல் கெடும். வெட்டாவிட்டால் பிள்ளை மண்ணுக்குள் போகும். வெயில் ஏற ஏறச் சடை குறைந்தது. குழந்தையின் பிடரி தரையைத் தொடாதபடி அம்சா தன் உள்ளங்கையை அடியில் கொடுத்திருந்தாள். அந்தக் கையும் மண்ணில் அழுந்தியது. அப்போதுதான், கணவரிடம் எதையும் உரக்கச் சொல்லியறியாத அவள் சொன்னாள்: “புள்ளைய மலைக்கு எடுத்துகினு போவ முடியாது. மலைய இங்க கொண்டாந்து கலந்துடுங்க. மண்ண மாத்தறது உங்களுக்குத் தெரியாததாங்க?”

துளசிங்கம் ஒரு கூடை மலைமண்ணோடும், மலையில் முடியெடுக்கும் வேணுவோடும் திரும்பிவந்தார். மண்ணைக் கொத்தி, மலைமண்ணைத் தூவி, வண்டல் கலப்பதுபோலவே கலந்தார். குழந்தையின் கால்களை அதன்மேல் வைத்தார்கள். வேணு கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, இரண்டையும் பார்த்தார்.

“எந்தத் தலைய மொதல்ல எடுக்கிறது?”

“ரெண்டும் ஒரே தலைதாண்ணா,” என்றாள் அம்சா.

கத்தி குழந்தையின் உச்சியில் தொடங்கி, நிற்காமல் மண்ணில் இறங்கி, கிணற்றோரம்வரை சென்றது. நிலம் ஒருமுறை சிலிர்த்தது, விசும்பியது, அடங்கியது. இருவருக்கும் சந்தனம் பூசினார்கள். மறுநாள் காவடி மலையேறியது.

அதுமுதல் ஆண்டுதோறும் ஆடியில் வேணுவும், அவருக்குப் பின் அவர் மகனும், வந்து அந்த நிலத்துக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிவிட்டுப் போகிறார்கள். பேருந்து நடத்துநர்கள் அந்த நிறுத்தத்தை மொட்டைத் தோட்டம் என்றே கூவுகிறார்கள். பூ வாங்குவோர் சரத்தில் ஒரு நீள முடி வந்தால் உருவிப் போட்டுவிட்டு விலை பேசுகிறார்கள். மனோரமா மணவூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தாய்வீடு வரும்போதெல்லாம் அம்சா அவள் சடையை இறுக்கிக் கொண்டையாக முடிந்த பிறகே தோட்டத்துக்குள் விடுவாள்.