சோதனை அறையில் இருவர்

வாயாடி வேலையை விட்டுப் போய் அறுபத்திரண்டு நாட்கள் ஆகின்றன. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

எண்ணெய்க் கிணறுகளின் வாயில் பொருத்தும் வால்வுகளைச் சோதிப்பது எங்கள் வேலை. கார் டயரில் காற்று முப்பது பவுண்டு இருக்கும். இங்கே தண்ணீரைப் பதினைந்தாயிரம் வரை ஏற்றுவோம். வால்வைக் கான்கிரீட் அறைக்குள் வைத்து இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு, பக்கத்து அறையிலிருந்து பம்பை ஓட்ட வேண்டும். பிறகு பம்பை நிறுத்திவிட்டு, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "இயற்பியல் படிச்சதே முள் பாக்கத்தானா?" என்று மாமா கேட்டார். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் கட்டடம் பட்டறையிலிருந்து தள்ளி இருக்கிறது. ஏதாவது வெடித்தால் யார் மேலும் படக்கூடாது. அதனால் இந்தப் பக்கம் யாரும் வருவதுமில்லை. "கூட ஒரு பொண்ணு இருக்கற வரைக்கும் இரு. இல்லேன்னா மூட்டையக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துடு" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். கூட இருந்தவள்தான் வாயாடி; அம்மா வைத்த பெயர் அது. அவளுடைய கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். அவள் இடத்தில், பூட்டிய அறையிலுள்ள வால்வைத் திரையில் காட்டும் ஒரு கேமராவை மாட்டினார்கள்.

"லீவு கேக்காது, வம்பு பேசாது. உனக்கேத்த ஜோடிம்மா" என்றார் போர்மேன்.

எனக்குச் சட்டென்று பதில் வராது. வந்தபோது அவர் போயிருந்தார். அன்று மாலை அம்மா போனில் கேட்டாள், "வாயாடி இன்னிக்கு என்ன சொன்னா?"

"போர்மேன் மண்டை வெளிச்சத்துல கேமராவுக்கே கண்ணு கூசுதாம்."

அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். அதன்பிறகு நாள் தவறாமல் வாயாடி ஏதாவது சொன்னாள்.

இன்று பெரிய வால்வு. அழுத்தம் ஏற்றியதும் முள் கொஞ்சம் இறங்கியது. அது கசிவு அல்ல. அழுத்தும்போது சூடேறிய தண்ணீர் ஆறுகிறது. முள் நின்ற பிறகுதான் நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நின்றது. அம்மா போனில் கூப்பிட்டாள்.

"எங்கடி அவ?"

"இங்கதாம்மா. முள்ளப் பாத்துட்டு இருக்கா."

"என்ன சொல்றா?"

"இந்த வால்வு குடுத்து வெச்சதாம். எவ்வளவு அழுத்தம் வந்தாலும் மாமியார்னு ஒண்ணு இல்லையாம்."

"அவ மாமியார் காதுல விழணும்!" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நீயும் இருக்கியே. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும். அவகிட்ட கொஞ்சம் கத்துக்கயேன்."

"சரிம்மா" என்றேன்.

அப்போது வெடித்தது. வால்வின் முனையை மூடியிருந்த தகட்டில் சீல் வளையம் பிய்ந்துவிட்டது. சுவர் அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது, திரை முழுக்க வெள்ளையாக நீர்ப்புகை. முள் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தது. போனை மேசையில் போட்டுவிட்டு, குழாயில் மிச்சம் இருந்ததை வடித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை.

போனிலிருந்து அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி சத்தம் அது? என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. சீல் போயிடுச்சு. சுவருக்கு அந்தப் பக்கம்தான்."

"நீ கை ஒடிஞ்சாகூட ஒண்ணும் இல்லம்ப. போன அவகிட்ட குடு. அவ உள்ளதச் சொல்லுவா."

"அம்மா, நெஜமாவே..."

"அவகிட்ட குடுடி!"

போர்மேனைக் கூப்பிடப் போயிருக்கிறாள் என்று சொல்லலாம். வாய்வரை வந்துவிட்டது.

"ஏன் குடுக்க மாட்டேங்கற?" அம்மாவின் குரல் திடீரென்று இறங்கியது. "அய்யோ, அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா? புருஷனுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்? சிரிக்கச் சிரிக்கப் பேசுமே அந்தப் பொண்ணு..."

அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்காக அவள் இப்படி அழுது நான் கேட்டதில்லை.

"அம்மா, அழாத. அவளுக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப பேசச் சொல்லு."

திரையில் நீர்ப்புகை அடங்கி வால்வு தெரியத் தொடங்கியிருந்தது.

"அவ வேலைய விட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சும்மா. அந்தப் பேச்செல்லாம் நான் பேசினது. இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."