கொதிநீர் ஊற்றிய மண்

“மண்ணு மூச்சு விடணும்டி. அப்பத்தான் விதை கண்ணைத் திறக்கும்,” என்றார் கண்டக்டர், சல்லடையை ஆட்டிக்கொண்டே.

“முதல்ல நீங்க மூச்சு விடுங்க. மண்ணு அப்புறமா விடட்டும்,” என்றாள் அவர் மனைவி.

பஸ்ஸை விட்டு இறங்கி வெகுநாளாகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். விசில் ஊத மூச்சு பத்தாமல் வீட்டுக்கு வந்தவர். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டர், இனி ஒரு சிகரெட்கூட ஆகாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். மனுஷன் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்து செய்த முதல் காரியம், பழைய டிரைவர் சிநேகிதரிடம் புகையிலை விதை வாங்கியதுதான்.

டிக்கெட் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். பிரித்தால் மூக்குப்பொடி மாதிரி இருந்தது. ஒரு தும்மலில் தோட்டமே பறந்துவிடும்.

“கடைச் சிகரெட்டுல என்னென்னத்தையோ கலக்குறானுங்க. இது நம்ம மண்ணு, நம்ம செடி. இலை பறிக்கிற வரைக்கும் கடைச் சரக்கைத் தொட மாட்டேன். சத்தியம்.”

“மக கல்யாணத்தன்னைக்கும் இதே சத்தியம்தான் பண்ணீங்க. மாப்பிள்ளை கார்ல ஏறுறதுக்குள்ள பின்வாசல்ல புகை வந்துச்சு.”

“அது வேற சத்தியம்.”

முப்பது வருஷத்தில் ‘இதுதான் கடைசி’ என்று அவர் பிடித்த சிகரெட்டையெல்லாம் அடுக்கினால் மாடி எட்டும்.

ஆனால் மண் விஷயத்தில் மனுஷன் ஆளே மாறிப்போனார். கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து களிமண் கொண்டுவந்தார். நனைந்தால் பிசின், காய்ந்தால் ஓடு என்று கொட்டிவிட்டார். நல்ல கறுப்பு எருவாக ஒரு சாக்கு வாங்கினார். தெருக்கோடி நர்சரிக்காரர், “அண்ணே, இந்த விதைக்குச் சாப்பாடு தூக்கலா இருக்கக் கூடாது. முளைச்சதும் கழுத்து அழுகிப் படுத்துக்கும்,” என்றதும் அதையும் ஒதுக்கினார். கடைசியில் செம்மண், மணல், மக்கிப்போன இலைத்தூள் மூன்றையும் கலந்து சலித்து, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிக் காட்டினார்.

“பாரு, பிடிச்சா நிக்குது, தொட்டா உதிருது. உன் பிடிவாதம் மாதிரி இல்ல.”

மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வர நேரமில்லாத மனுஷன், இன்று சாவை வளர்க்க மண் சலிக்கிறார்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளையும் உடுப்புகளையும் வார்டு வாரியாகப் பிரித்து, பை தடவிப் பார்த்து, கொதிக்கும் தொட்டியில் தள்ள வேண்டும். எந்த விரிப்பு எந்த வார்டு என்று மோந்தே சொல்லிவிடுவாள். கொதிநீருக்குள் போன எதுவும் உயிரோடு திரும்பியதில்லை என்பது அவள் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். வீட்டுத் துணியை மட்டும் மோப்பதில்லை. அவர் சட்டையைக் கழற்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிடுவாள். அந்தப் புகை நாற்றத்தை மோந்து மோந்து அலுத்துவிட்டது.

விதைக்கிற அன்று காலையில், அவர் தண்ணீர் தெளிக்கும் குப்பி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அவள் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனாள். அவர் சலித்த மண்ணை நிரப்பி வைத்திருந்த தட்டில் ஓரம் விடாமல் ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒழிந்தது சனியன். செத்த மண்ணில் எது முளைக்கும்?

அவர் வந்தபோது மண் ஆறி, வெறும் ஈரமாகக் கிடந்தது. “தண்ணி விட்டியா? சமத்து,” என்றார். விதையை மணலோடு கலந்து தூவினார். மேலே மண் போட்டு மூடவில்லை. “இதுக்கு வெளிச்சம் வேணும்,” என்று உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டு, தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தார். ஈரம் அடியிலிருந்து ஏற வேண்டுமாம். மேலே ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடுமாம்.

அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார்.

ஒருநாள் மாடியிலிருந்து குரல் வந்தது. “ஏய், மேல வா. ஃபுட்போர்டு வரைக்கும் கூட்டம்.”

பாசி படர்ந்த மாதிரி தட்டு முழுக்கப் பச்சை. பார்க்க வந்த நர்சரிக்காரர் குனிந்து குனிந்து பார்த்தார். “ஒரு களை இல்ல, ஒரு நாத்து சாயல. மண்ணை என்னண்ணே பண்ணீங்க?”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது. “கொதிதண்ணி ஊத்துனேன்.”

“அதானே பார்த்தேன். களை விதை, பூஞ்சணம், எறும்பு முட்டை எல்லாம் காலி. நாங்களே சோம்பல்பட்டு விட்டுடுற வேலை இது, அக்கா. உங்க கைக்கு ஈடு இல்ல.”

கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “வாய்தான் திட்டும். கை எனக்காகத்தான் வேலை செய்யும்,” என்றார். அதோடு விட்டாரா? பால்காரர், தையல்காரர், போனில் மகள் என்று ஊர் முழுக்க இதே பாட்டு. மனைவி பக்குவம் பண்ணிய மண்.

அவளால் தாங்க முடியவில்லை. படுத்தால் பக்கத்தில் இருமல். ஒவ்வொரு இருமலுக்கும், இவர் எங்கேயோ ஒளிந்து நின்று இழுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நெஞ்சு கொதித்தது. அது போதாதென்று இனி வீட்டு இலை வேறு. அதற்குத் தாதி அவளே.

விடுமுறை நாளில் அவர் குளிக்கப் போனதும், அதே பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

துவாலையோடு மாடிக்கு வந்தவர் தட்டைப் பார்த்தார். நாற்றுகள் நனைந்த நூல் மாதிரி படுத்துக் கிடந்தன.

“ஊத்திட்டியா?”

“ஊத்திட்டேன். அன்னைக்கும் சாகட்டும்னுதான் ஊத்துனேன். பக்குவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

அவர் ஒரு நாற்றை விரல் நுனியால் நிமிர்த்திப் பார்த்தார். அது நிற்கவில்லை.

“சரி,” என்றார். “வண்டியே போயிடுச்சு. அப்புறம் நான் எதுக்குக் கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும்?”

அவளுக்குப் புரியவில்லை. அவர் இறங்கிப் போய், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

காலையில் அவர் கழற்றிப் போட்ட சட்டை கொடியில் தொங்கியது. அதை எடுத்தாள். இன்று ஏனோ கை தொழில் பழக்கத்தில் பையைத் தடவியது. புகையிலைத் தூள் இல்லை. கொஞ்சம் மணல் இருந்தது. முகத்தருகே கொண்டுபோனாள். வியர்வையும் ஈரமண்ணும் மட்டுமே வாசம். கூடைக்கு ஓடினாள். முந்தாநாள் சட்டை, துவாலை, தலையணை உறை என்று ஒவ்வொன்றாக மோந்தாள். எதிலும் புகை இல்லை. இலை பறிக்கிற வரைக்கும் என்று பண்ணிய சத்தியத்தை மனுஷன் காப்பாற்றியிருக்கிறார்.

மாடிச் சுவரோரம் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். எதிரே பெட்டிக்கடை. கடைக்காரர் குரல் தெளிவாகக் கேட்டது.

“என்ன கண்டக்டரே, எத்தனை நாளாச்சு ஆளைப் பார்த்து! விட்டுட்டீங்கன்னே நினைச்சேன்.”

“என்னங்க” என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டு எதைச் சொல்வது? சட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள்.

கீழே தீக்குச்சி உரசியது. முதல் இருமல் மாடி வரை கேட்டது.