நிறுவனம் ஆ

சாருலதா வணிக உத்தியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இது நான்காவது வருடம். பாடங்களை முடித்தாள். தகுதித் தேர்வில் இரண்டாம் முறை தேறினாள். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை, 'இதில் கோட்பாடு எங்கே?' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. மிச்சம் கள ஆய்வு. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு ஒரு வருடம் நடையாய் நடந்து, எதிரெதிரே தோல்பை பட்டறை வைத்திருக்கும் கலீலுல்லாவையும் சொரிமுத்துவையும் பேட்டி எடுத்தாள்.

எழுதியதை அவர்களிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்றார் நெறியாளர் மகேஷ்குமார். முதலில் சொரிமுத்துவிடம் காட்டினாள்.

“ஏம்மா, இதுல எம் பேரைக் காணோமே?”

“போடக்கூடாது அங்கிள். ரகசியம். நீங்க 'நிறுவனம் ஆ'.”

“அப்ப 'அ' யாரு?”

சாருலதா தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். கலீலுல்லா கையசைத்தார்.

“அவருக்கு முன்னாடியே கடை போட்டவன்மா நான்!”

மாற்றினாள். கலீலுல்லா மூன்று நாள் பேசவில்லை. சிங்கம், புலி என்று வைத்தாள், புலிக்கு வருத்தம். ரோஜா, மல்லிகை என்று வைத்தாள்; வேலையாட்கள் முதலாளிகளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். சயான், குர்லா என்று ரயில் நிலையங்களின் பெயரை வைத்தாள். சயானில் வேக வண்டி நிற்காதே என்றார் கலீலுல்லா. கடைசியில் சொரிமுத்து தாதர், கலீலுல்லா காட்கோபர் என்று முடிவானது. இரண்டிலும் வேக வண்டி நிற்கும்.

செம்பூர்ப் பக்கத்துக் கல்லூரியில் ஆய்வைப் படித்துக்காட்டும் நாள் வந்தது. யாரும் அழைக்காமலே இருவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா கேட்டார்: “காட்கோபர் நிறுவனம் தரத்துக்காக ஐயாயிரம் பை ஆர்டரை மறுத்தது என்கிறீர்கள். என்ன ஆதாரம்?”

சொரிமுத்துவுக்குக் காட்கோபரும் ஐயாயிரமும் மட்டும் புரிந்தன. எழுந்துவிட்டார்.

“ஜூட் ஹை மேடம்!” அது பொய், தோல் கிடைக்காததால்தான் அந்த ஆர்டரைக் கலீலுல்லா தன்னிடம் தள்ளிவிட்டார் என்று ஹிந்தியில் முழங்கினார்.

“நீரு மட்டும் யோக்கியமோ வே?” கலீலுல்லாவும் எழுந்தார். “நீரே போய்ப் பிடிச்ச ஆர்டர்னுல்ல இந்தப் பிள்ளைகிட்ட சொல்லியிருக்கீரு!”

ஆர்டரையே கைமாற்றிக்கொள்ளும் இந்த இருவரும் பரம எதிரிகள் என்பதுதான் சாருலதாவின் மூன்றாம் அத்தியாயம். அறுபது பக்கம். மகேஷ்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி துடைத்தார்.

தீர்ப்பு: இன்னும் ஆறு மாதம் கள ஆய்வு. மூன்றாம் அத்தியாயம் முழுவதும் புதிதாக.

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்சீட்டில் இருவரும் சண்டையை விடவில்லை.

“போன தீவாளிக்கு என் மிஷினை இரவல் வாங்கினது யாரு?”

“அந்தச் சூரத்துப் பார்ட்டியை உமக்கு அறிமுகப்படுத்தினது யாரு வே?”

ஒரு வருடப் பேட்டியில் இதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. சாருலதா மூக்கை உறிஞ்சியபடி போனை எடுத்து ஒலிப்பதிவை அழுத்தினாள். மாட்டுங்காவுக்குப் போக அவள் இறங்கவேண்டிய சயான் வந்தது.

“ஏம்மா, இறங்கலியா?” என்றார் சொரிமுத்து.

“நீங்க சண்டை போடுங்க அங்கிள்,” என்றாள் அவள். “கொஞ்சம் சத்தமா.”