சமையல் வகுப்பில் கற்றது

ஆடிட் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. வெளிநாட்டுக்குப் பனியன் அனுப்பும் கம்பெனிகளில் எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து ஆள் வருவார்கள். அவர்கள் வருகிற அன்று மட்டும் கக்கூஸில் சோப்பு இருக்கும், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும், சூப்பர்வைசர் வாயில் மரியாதை இருக்கும். பதிமூன்று வருடமாக செக்கிங் டேபிளில் நின்று இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். இந்த முறை என் பிள்ளை மேலேயே கை வைத்தார்கள்.

எங்கள் கம்பெனி அவிநாசிக்குப் பக்கம். வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகள் இருக்க கேன்டீனை ஒட்டி ஓர் அறை உண்டு, ஆடிட் அன்று மட்டும் அதைக் காலி செய்துவிடுவார்கள். போன ஜூனில் வெல்ஃபேர் ஆபீசராக வந்த சத்யப்பிரியா என்ற சின்னப் பெண்தான் அங்கே சனிக்கிழமைதோறும் சமையல் வகுப்பு ஆரம்பித்தாள். பதினான்கு பிள்ளைகள். ஆணும் பெண்ணும் சரிபாதி. என் மகள் சுபஸ்ரீக்குப் பத்து வயது, அவள்தான் அதில் பெரியவள்.

முதலில் எனக்கே பிடிக்கவில்லை. இருபது வயதுக்கு மேல் எப்படியும் அடுப்பில் வேகப்போகிறவள், இப்போதே எதற்கு என்று நினைத்தேன். ஆனால் சத்யப்பிரியா கெட்டிக்காரி. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்ய வேண்டும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு வேலை பார்க்க வேண்டும், யார் என்ன செய்தார்கள் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அடுப்புப் பக்கம் பெரியவர்கள்தான் நிற்க வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் ஸ்டார் கிடையாது.

என் வீட்டுக்காரர் திருமூர்த்தி வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு பதினொரு மணிக்குக் குடிக்கக் கடைப் பக்கம் கிளம்பிவிடுவார், சாயங்காலம்தான் முகத்தைப் பார்க்கலாம். அந்த முதல் ஞாயிறு அரிசிம்பருப்பு சாதம். செருப்பை மாட்டியவரைச் சுபஸ்ரீ வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அப்பா, வெங்காயம் உரிச்சுட்டுப் போங்க. இல்லாட்டி மிஸ் ஸ்டார் போட மாட்டாங்க."

"அம்மாவ உரிக்கச் சொல்லு கண்ணு."

"அம்மா அடுப்புக்கிட்ட நிக்கறாங்க. வெங்காயம் உங்க வேலைங்கப்பா."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கால் கிலோ சின்ன வெங்காயம் உரிப்பதற்குள் மனிதர் கண்ணீரும் மூக்குமாக ஆகிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாப்பிட்டு முடிக்கும்போது மணி இரண்டரை. செருப்பு வாசலில் அப்படியே கிடந்தது, பாயை விரித்துத் தூங்கிவிட்டார். அதற்கப்புறம் பத்து ஞாயிறு வீட்டிலேயே இருந்தார். ஒருநாள் ரசம்கூட வைத்தார், வாயில் வைக்க முடியவில்லை, அதையும் குடித்தோம். நான் எட்டு வருடம் அழுதும் கெஞ்சியும் நடக்காததை ஒரு நாற்பது பக்க நோட்டு நடத்திக் காட்டியது. அந்த வகுப்பு நின்றால் என் வீட்டு ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

காலாண்டு லீவில் வகுப்பு தினமும் நடந்தது. செவ்வாய்க்கிழமை பத்தரை மணி இருக்கும், தண்ணீர் குடிக்கப் போனேன். கேன்டீன் மேஜையில் பாதி நறுக்கிய பீன்ஸை ஒருத்தி குப்பைக்கூடையில் தள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைக் காணோம். சத்யப்பிரியா கை கழுவும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"புள்ளைக எங்கங்க மேடம்?"

"நாளைக்கு வர வேண்டிய ஆடிட் இன்னிக்கே வந்துட்டாங்கக்கா. அருள்செல்வன் சார்தான்… துணி குடோன்ல உக்கார வெச்சுட்டார். நான் எவ்வளவோ சொன்னேன்."

அருள்செல்வன்தான் ஆடிட் சம்பந்தப்பட்டதையெல்லாம் பார்க்கிற மேனேஜர். நான் குடோனுக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கி, பூட்டுப் போட்டிருந்தது. உள்ளே கூரை வரை துணி ரோல், ஜன்னல் என்று ஒன்று கிடையாது. ஷட்டரைத் தட்டினேன். "சுபா, சுபா" என்றேன். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் விசும்பலும், அதை அடக்குகிற "உஷ்" என்ற சத்தமும் கேட்டன. அந்த "உஷ்" என் மகளுடையது.

அதற்குள் அருள்செல்வன் வந்துவிட்டான். ஆமாம், வந்துவிட்டான் என்றுதான் சொல்வேன்.

"ஏனுங்கக்கா, சத்தம் போடாதீங்க. ஒரு மணி நேரந்தான்."

"காத்தே இல்லீங்க சார் உள்ள. தொறந்து உடுங்க, நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"கேட் வாசல்லயே ஆடிட்காரங்க நிக்கறாங்க. கத்தி புடிச்ச கையோட ஒரு புள்ளயப் பாத்தாப் போதும், கம்பெனிக்குள்ள சின்னப் புள்ளைகள வெச்சு வேல வாங்கறோம்னு எழுதிருவாங்க. ஆர்டர் போயிரும். அப்புறம் கிளாஸு மட்டும் இருக்குமுங்களா? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

நானும் யோசித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அவனைத் தள்ளிவிட்டு பூட்டை உடைக்க வேண்டிய நேரத்தில் யோசித்துக்கொண்டு டேபிளுக்குத் திரும்பினேன். பனியனை விரிக்கிறேன், ஓட்டை இருக்கிறதா கறை இருக்கிறதா என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆடிட்காரர்கள் நாலைந்து பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, தமிழ் பேசுகிறவள்தான், தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கம்பெனிக்குள்ள சின்னப் பிள்ளைகள் யாராவது இருக்காங்களாம்மா? பயப்படாமச் சொல்லுங்க."

"இல்லீங்க மேடம்" என்றேன்.

அந்த "ங்க"வை நினைத்தால் இப்போதும் வாயைக் கழுவத் தோன்றுகிறது. பெற்ற பிள்ளை முப்பதடி தூரத்தில் வெந்துகொண்டிருக்கும்போது, பொய்யைக்கூட மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

ஒரு மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கினார்கள். ஒரு மணி நேரம் என்றவன் இரண்டரை மணி நேரம் பூட்டி வைத்திருந்தான். பிள்ளைகள் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு, வியர்வையில் நனைந்து வெளியே வந்தன. ஐந்து வயது நித்தீஷ் கால்சட்டையிலேயே ஒன்றுக்குப் போயிருந்தான். சுபஸ்ரீ அவனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பயமா இருந்துச்சா கண்ணு?"

"இருந்துச்சு. நான் அழுதா எல்லாரும் அழுவாங்கன்னு அழுகுல."

திருமூர்த்தி விஷயம் கேட்டதும் பைக் சாவியை எடுத்தார். அருள்செல்வனை அடித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். நான்தான் காலில் விழாத குறையாக நிறுத்தினேன். வகுப்பு நின்றுவிடும் என்றேன். "உம்பட புள்ளயவிட அந்தக் கிளாஸு பெருசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோட்டீஸ் போர்டில் மறுநாளே ஒட்டிவிட்டார்கள், சமையல் வகுப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று. அடுத்த ஆடிட்டுக்கும் இதே தொல்லை எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நான் பொய் சொன்னது எதைக் காப்பாற்ற? அந்தப் பேப்பரைப் பார்த்தபோது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் ஞாயிறும் இரண்டாவது ஞாயிறும் திருமூர்த்தி வீட்டில்தான் இருந்தார், சும்மா டிவியைப் பார்த்துக்கொண்டு. மூன்றாவது ஞாயிறு பதினொரு மணிக்குச் செருப்பை மாட்டினார். மறிக்க யாரும் போகவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை அருள்செல்வன் என் டேபிளுக்கே வந்தான், பல்லெல்லாம் தெரிய.

"அக்கா, சனிக்கிழம நம்ம பனியன் வாங்கற பையர் வர்றாங்க. வெள்ளைக்காரம்மா. தொழிலாளிங்க குடும்பத்துக்குக் கம்பெனி என்ன பண்ணுதுன்னு பாக்கணுமாம். சமையல் கிளாஸ ரெடி பண்ணிட்டோம். பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க. புது ஏப்ரன் எல்லாம் வாங்கியாச்சு."

ஆடிட் என்றால் பிள்ளைகள் குற்றம், பையர் என்றால் பிள்ளைகள் அலங்காரம்.

"அப்புறம் வாராவாரம் நடக்குமுங்களா?"

"அத அப்புறம் பாக்கலாமுங்க."

என் மகள் வர மாட்டாள் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அங்கே நிற்கப்போவது அவள்தானே, கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வீட்டில் கேட்டேன். சுபஸ்ரீ முதலில் கேட்டது இதுதான்.

"பூட்ட மாட்டாங்கதானேம்மா?"

"மாட்டாங்க. நானும் கூடவே நிப்பேன்."

"அப்பப் போறேன். ஒரு நாளானாலும் போறேன்மா."

அவ்வளவு ஆசை. அந்த ஆசையைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம், கதவு பூட்டிய அன்றைக்குக்கூட வரவில்லை.

சனிக்கிழமை கேன்டீனில் பேனர் கட்டியிருந்தார்கள். "குழந்தைகளும் குடும்பமும் பயன்பெறும் சமையல் வகுப்பு" என்று போட்டிருந்தது. பதினான்கு பிள்ளைகளும் வெள்ளைத் தொப்பியில் நின்றார்கள். அம்மாமார் எங்களைப் பின்னால் வரிசையாக நிறுத்தி, சிரிக்கச் சொன்னார்கள். சத்யப்பிரியா தலையைக் குனிந்தபடி காய்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரம்மா நல்லவள் மாதிரிதான் இருந்தாள். நேராக சுபஸ்ரீயிடம் வந்து குனிந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். பக்கத்தில் நின்ற அருள்செல்வன் அதைத் தமிழில் கேட்டான்.

"இங்க என்னென்ன கத்துக்கிட்டே பாப்பா? மேடம் கேக்கறாங்க பாரு."

சுபஸ்ரீக்கு யாரையும் மாட்டிவிடத் தெரியாது. கேட்ட கேள்விக்கு யோசித்து, கடைசியாகக் கற்றதைச் சொன்னாள்.

"சத்தம் போடாம உக்காந்திருக்கக் கத்துக்கிட்டோமுங்க. வெளிய அம்மாவே வந்து கதவத் தட்டுனாலும் பேசக் கூடாதுங்க."

அருள்செல்வன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. கேரட், பீன்ஸ், உப்புமா என்று இங்கிலீஷில் அடுக்கினான். வெள்ளைக்காரம்மா கை தட்டினாள். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். சுபஸ்ரீ திரும்பி என்னைப் பார்த்தாள். தான் சொன்னது ஏதாவது தப்பா என்று கேட்கிற பார்வை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் செக்கிங் டேபிள் இங்கிலீஷ்தான். ஹோல், ஸ்டெயின், ரிஜெக்ட். அதை வைத்துக்கொண்டே வரிசையை விட்டு முன்னால் வந்தேன்.

"நோ மேடம். திஸ் சார் லை. சில்ட்ரன் குடோன் லாக். டூ அவர். மோர்."

"அக்கா, போங்க அந்தப் பக்கம்" என்று அருள்செல்வன் என் கையைப் பிடித்தான். உதறினேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வராமல் அங்கேயே தமிழில் கத்தினேன். "நானும் பொய் சொன்னேனுங்க மேடம்! புள்ளைக யாருமில்லைன்னு நாந்தான் சொன்னேன்! இந்த வாயாலதான் சொன்னேன்!"

வெள்ளைக்காரம்மா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அப்போதுதான் சத்யப்பிரியா கையிலிருந்த கேரட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நல்ல இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்தி, சுபஸ்ரீ சொன்னதையும் நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

வெள்ளைக்காரம்மா நிமிர்ந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதை அருள்செல்வன் தமிழில் சொல்லவில்லை. சத்யப்பிரியாதான் சொன்னாள்.

"அந்த இடம் எங்கேன்னு கேக்கறாங்க."

யாரும் நகரவில்லை. சுபஸ்ரீ தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நித்தீஷின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மேடம், நான் காட்டறேன்" என்று முன்னால் நடந்தாள். மற்ற பிள்ளைகளும் அவள் பின்னாலேயே போயின, ஒரே கூச்சலாக.